பெடல் கல் மாதிரி இருந்தது, ஜீப் நிற்கவில்லை

ஜனவரி மாதக் காலை. தாண்டிக்குடிக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் இருந்து எட்டு மூட்டை காப்பிக்கொட்டையை ஏற்றிக்கொண்டு பட்டிவீரன்பட்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். மூட்டைக்கு 50 கிலோ, மொத்தம் 400 கிலோ. பக்கத்தில் சித்தப்பா. பெரும்பாறை தாண்டி சித்தரேவு பக்கம் இறங்கும் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் கல் மாதிரி இருந்தது. பாதி கூட இறங்கவில்லை. வண்டி கொஞ்சம் தயங்கிவிட்டு அதே வேகத்தில் போனது.

இரண்டு காலையும் சேர்த்து அழுத்தினேன். அப்போதும் அப்படியேதான். "மிதிச்சுக்கிட்டே இருக்காதடா, கியரைக் கொற!" என்று சித்தப்பா கத்தினார். மூன்றில் இருந்து இரண்டுக்கு இழுத்தேன். இன்ஜின் அலறியது, வேகம் குறைந்தது. ஹேண்ட் பிரேக்கை மெதுவாக ஏற்றிக்கொண்டே, இடது பக்கம் மலையை ஒட்டி இருந்த வாய்க்காலுக்குள் சக்கரத்தை இறக்கினேன். மண் சுவரில் உரசிக்கொண்டு ஜீப் நின்றது. வலது பக்கம் பள்ளம். எதிரே பஸ் எதுவும் வரவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

இறங்கி நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தோம். இடது பின் சக்கரத்தில் இருந்து ஏதோ எண்ணெய் கருகுகிற வாடை வந்தது. அதைச் சித்தப்பாதான் கவனித்தார். நான் நடுங்கிக்கொண்டிருந்ததால் அப்போது அது மண்டையில் ஏறவில்லை. அந்த வாடையை அன்றைக்கே பின்தொடர்ந்து போயிருந்தால் ஒரு மாதமும் பல ஆயிரமும் மிச்சமாகியிருக்கும்.

ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பிவிட்டு, லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு ஊர்ந்து ஊர்ந்து கீழே வந்தோம்.

முதலில் போன பட்டறையின் பெயர் இங்கே தேவையில்லை. வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் நான்கு தடவை பெடலை மிதித்துப் பார்த்தார்கள். "மாஸ்டர் சிலிண்டர் போயிருச்சு" என்றார்கள். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற உருளை அது. புதிது மாட்டி, ஏர் எடுத்து (பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றி), ரூ.3,800 வாங்கிக்கொண்டார்கள். பட்டறை வாசலில் சமதளத்தில் ஓட்டிப் பார்த்தபோது ஜீப் நச்சென்று நின்றது. எனக்கும் திருப்தி. அடுத்த வாரம் காலி வண்டியோடு அதே மலையில் இறங்கினேன். அதே வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் பெடல் மறுபடி கல்லாகிவிட்டது. இந்த முறை இரண்டாவது கியரில் மெதுவாக வந்ததால் பிழைத்தேன்.

இதற்கு மேல் எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகு வத்தலக்குண்டில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கற்றுக்கொண்டது. எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

எங்கள் ஜீப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மலைக்காட்டில் ஓடும் பழைய ஜீப்புகள் பலவற்றைப் போல இதுவும் கலப்பு வண்டி. சேசிஸ் பெட்ரோல் காலத்தது. அப்பா வாங்குவதற்கு முன்பே டீசல் இன்ஜின் மாற்றியிருந்தார்கள். முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் பிந்தைய மாடல். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், டிஸ்க் கிடையாது. சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் இரண்டு ஷூ விரிந்து, அவற்றின் மேல் உள்ள லைனிங் டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும். காலின் அழுத்தத்தை வேக்குவத்தால், அதாவது உறிஞ்சலால், கூட்டிக்கொடுக்கும் பூஸ்டர் பிற்பாடு சேர்த்தது. ஹேண்ட் பிரேக் மட்டும் பழைய முறை: பின் சக்கரத்தில் பிடிக்காது, டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால், பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் தனியாக ஒரு டிரம்மைப் பிடிக்கும். இப்படிப்பட்ட வண்டிக்குப் புத்தகம் பார்த்து வைத்தியம் செய்ய முடியாது. என்ன மாட்டியிருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

பாய் பட்டறைக்குள் வண்டி நுழைந்ததும் இன்ஜினை அணைக்கப் போனேன். "நிப்பாட்டாதீங்க தம்பி, ஓடட்டும்" என்றார். டீ கூடக் குடிக்கவில்லை. முதலில் அவர் கேட்டது, "மிதிச்சப்ப பெடல் எப்படி இருந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

கல் மாதிரி இருந்தது என்றேன். "கீழ போகலையே?" இல்லை. "அப்ப மாஸ்டர் சிலிண்டரை எதுக்கு மாத்துனாங்க?" என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்குக் கண் திறந்தது. பிரேக் சரியில்லை என்று சொல்வதில் ஒரு தகவலும் இல்லை. கால் என்ன உணர்ந்தது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

பெடல் ஒரே மிதியில் ரொம்பக் கீழே போய், இரண்டு மூன்று தடவை பம்ப் அடித்தால் மேலே வந்து பிடிக்கிறது என்றால், பெரும்பாலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது. லைனிங் தேய்ந்திருக்கும், அட்ஜஸ்ட் செய்தாலே சரியாகிவிடலாம். பழைய ஜீப்பில் பெரும்பாலும் அட்ஜஸ்டர் தானாகத் திரும்பாது, நாம்தான் திருப்ப வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, பம்ப் அடிக்க அடிக்கக் கெட்டியாகிறது என்றால் லைனுக்குள் காற்று. ரப்பர் ஹோஸ் ஊறி ஊதிக்கொண்டாலும் பஞ்சு மாதிரிதான் இருக்கும், ஆனால் பம்ப் அடித்தும் கெட்டியாகாது. ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பெடல் மெதுவாகத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டே போனால், எங்காவது கசிகிறது. வெளியே கசிவு தெரியவில்லை என்றால் அப்போது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பரைச் சந்தேகப்படலாம். பெடல் உயரமாக, கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் காலின் அழுத்தம் எண்ணெயில் ஏறத்தான் செய்கிறது. அதைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டரோ, கடைசியில் தேய்த்து நிறுத்த வேண்டிய லைனிங்கோதான் வேலை செய்யவில்லை.

என்னுடையது அந்தக் கடைசி வகை. புது மாஸ்டர் சிலிண்டர் எதையுமே மாற்றாமல் போனதற்கு இதுதான் காரணம்.

அடுத்து பூஸ்டர் சோதனை. இது யாரும் வீட்டிலேயே செய்யலாம், ஒரு ஸ்பானர் கூட வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை ஐந்தாறு தடவை மிதிக்க வேண்டும். காலை பெடல் மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். பூஸ்டர் நன்றாக இருந்தால், இன்ஜின் பிடித்ததும் பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும். இறங்கவில்லை என்றால் வேக்குவம் வரவில்லை, அல்லது பூஸ்டர் போய்விட்டது.

சூடாக இருந்த என் ஜீப்பில் பெடல் அசையவே இல்லை. பாய் பானெட்டைத் திறந்து, ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் வேக்குவம் பம்ப்பில் இருந்து பூஸ்டருக்குப் போகும் ஹோஸைக் காட்டினார். இன்ஜின் ஓடும்போது அது நடுவில் தட்டையாக, வாழைப்பழத் தோல் மாதிரி ஒட்டிக்கிடந்தது. இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு அரை மணி கழித்து ஸ்டார்ட் செய்தால் உருண்டையாக இருக்கிறது, பெடலும் ஒழுங்காக இறங்குகிறது!

அந்த ஹோஸை மாட்டியவன் நான். மழைக்காலத்தில் பழைய ஹோஸ் வெடித்தபோது அவசரத்துக்கு ஹார்டுவேர் கடையில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வாங்கி, கிளிப் போட்டு இறுக்கினேன். அது தண்ணீரை உள்ளிருந்து தள்ளுவதற்குச் செய்த குழாய். பூஸ்டர் குழாயில் நடப்பது உறிஞ்சல். குளிர்ச்சியாக இருக்கும்போது தாங்கியது. இன்ஜின் சூட்டில் இளகியதும் உறிஞ்சலில் சப்பிப் போய் வழியை அடைத்துவிட்டது. முதல் பட்டறையில் வண்டி ஆறிய பிறகு, சமதளத்தில் பார்த்தார்கள். அதனால் அது கண்ணில் படவே இல்லை. வேக்குவத்துக்கென்று உள்ளே நூல் பின்னிய தடித்த ஹோஸ் வருகிறது, அதைத்தான் போட வேண்டும். நான் அதை விட்டுச் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தியிருந்தேன்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். பெட்ரோல் இன்ஜினில் திராட்டில் மூடும்போது மேனிஃபோல்டில் தானாகவே உறிஞ்சல் இருக்கும், பூஸ்டர் அதை வைத்து வேலை செய்யும். இந்த மாதிரிப் பழைய டீசல் இன்ஜினில் அந்தத் திராட்டில் கிடையாது. தனி பம்ப்தான் எல்லாம். அந்த பம்ப் ஆல்டர்னேட்டர் பெல்ட்டில் ஓடுகிற வண்டியில், பெல்ட் தளர்ந்தால் பேட்டரி மட்டுமா இறங்கும்? பிரேக்கும் கனத்துவிடும். பூஸ்டர் வாயில் ஒருவழி வால்வு இருக்கும், அதில் ஊதிப் பார்த்தால் ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். இரண்டு பக்கமும் போனால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

சரி, ஹோஸ் கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது என்று கிளம்பப் பார்த்தேன். பாய் விடவில்லை. "பூஸ்டர் இல்லாட்டியும் ரெண்டு காலால மிதிச்சா வண்டி நிக்கணும் தம்பி. உங்களுக்கு நிக்கலையே. இன்னும் இருக்கு" என்றார். பழைய வண்டியில் ஒரு குறை கிடைத்தவுடன் தேடுவதை நிறுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தைத் தின்றிருக்கும். நமக்குப் பழகிப்போயிருக்கும். எல்லாம் ஒன்றாகச் சேரும் நாளில்தான் தெரியும்.

வாடை வந்த இடது பின் சக்கரத்தை முதலில் கழற்றினோம். கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை. எங்களுடையதைப் போல ஷாஃப்ட்டில் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில், ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் ஹேண்ட் பிரேக் வண்டியைப் பிடிக்காது. ஷாஃப்ட் நிற்கும், ஆனால் இரண்டு பின் சக்கரத்தையும் வெவ்வேறாகச் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் பின்னால் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் முன்னால் உருளும். கியரில் போட்டு வைத்தாலும் இதே கதைதான். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் வேலை. வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகாதீர்கள்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கறுப்புக் களி. லைனிங் முழுக்க எண்ணெயில் ஊறியிருந்தது. அது ஷூவைத் தள்ளி விரிக்கும் வீல் சிலிண்டரில் இருந்து வந்த பிரேக் ஆயிலா, ஆக்சிலில் இருந்து வந்த கியர் ஆயிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாய் ஒரு துளியை விரலில் எடுத்து ஒரு மூடி தண்ணீரில் விட்டார். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும். இது கரையாமல் வட்டமாக மிதந்தது. முகர்ந்தால் கந்தக வாடை. ஆக! ஆக்சில் சீல் வழியாகக் கியர் ஆயில் வந்திருக்கிறது.

சீலை மாற்றினால் போதும் என்று எல்லோரும் நினைப்போம். சீல் ஏன் போனது என்று அவர் தேடினார். பின் ஆக்சில் குழாயின் மேலே சுண்டு விரல் அளவில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. ஆக்சில் மூச்சு விடும் துளை அது, பிரீதர் என்பார்கள். ஓட ஓட டிஃபரன்ஷியல் சூடாகும், உள்ளே காற்று விரியும், அந்த விரிந்த காற்று இது வழியாக வெளியேற வேண்டும். எங்கள் பிரீதர் சேறு காய்ந்து சிமெண்ட் மாதிரி அடைத்திருந்தது. வெளியேற வழியில்லாத காற்று எண்ணெயை சீல் வழியாக டிரம்முக்குள் தள்ளியிருக்கிறது. இதை அடைத்தே வைத்துவிட்டுப் புது சீல் போட்டால் அதுவும் சீக்கிரமே கசியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டத்துப் பாதையில் இரண்டு ஓடையைத் தாண்டித்தான் வர வேண்டும். ஆக்சில் முங்கும் அளவு தண்ணீர் வரும் நாட்களும் உண்டு. சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால், சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். எங்கள் டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்துவிட்டால் பால் காப்பி நிறத்தில் வந்தது. அதையும் மாற்றினோம். மழையில் பிரீதர் அடைத்தது, தையில் பிரேக் போனது. இடையில் இருந்த தொடர்பு எனக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஊறிய லைனிங்கைப் பெட்ரோல் விட்டு எரித்துச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. செய்யாதீர்கள். மேலே காய்ந்த மாதிரி தெரியும். இறக்கத்தில் சூடேறியதும் உள்ளே இறங்கிய எண்ணெய் மறுபடி மேலே வரும். ஒரு பக்கம் ஊறியிருந்தாலும் அந்த ஆக்சிலின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே புது லைனிங் போட வேண்டும். இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

டிரம்முக்குள் இருக்கும் தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்ப்ரசர் வைத்து ஊதிவிடுகிறோம், அந்தப் புகைமண்டலத்துக்குள்ளேயே பையன்கள் நின்று வேலை பார்க்கிறார்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம், அது நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். பாய் ஈரத் துணியால்தான் துடைக்கிறார். முதலில் தண்ணீர் தெளித்து, பிறகு துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுகிறார். அவரிடம் நான் பார்த்த நல்ல பழக்கங்களில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

முன் சக்கரங்களைத் திறந்தபோது இன்னொன்று கிடைத்தது. ஒரு வருடமாகவே பிரேக் போட்டால் ஜீப் வலது பக்கம் லேசாக இழுக்கும். டயர் காற்று என்று நினைத்து விட்டுவிட்டேன். எங்கள் வண்டியில் இருக்கும் வகையில், ஒரு சக்கரத்தின் இரண்டு ஷூக்களும் ஒரே மாதிரி இருக்காது. வண்டி முன்னால் போகும்போது முன்பக்க ஷூ டிரம்மோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும், சுற்ற முடியாமல் கீழே உள்ள அட்ஜஸ்டர் வழியாகப் பின்பக்க ஷூவைத் தள்ளும். பின்பக்க ஷூவுக்குத்தான் அதிகச் சுமை. அதனால் குட்டை லைனிங் உள்ள ஷூ முன்பக்கம், நீள லைனிங் உள்ள ஷூ பின்பக்கம் வர வேண்டும். முன்பு லைனிங் மாற்றியவர்கள் இரண்டு குட்டையையும் இடது சக்கரத்திலும், இரண்டு நீளத்தையும் வலது சக்கரத்திலும் மாட்டியிருந்தார்கள். எல்லாம் புது லைனிங்தான், கனமும் இருந்தது, ஆனால் இடம் மாறிப்போயிருந்தது. இப்போது நான் டிரம் கழற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன்னால் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் பிரிக்கிறேன். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் பிரிக்காமல் இருக்கும்.

டிரம்களை லேத்துக்குக் கொண்டுபோனோம். உள்ளே சேறும் மணலும் அரைத்து வரி வரியாகக் கோடு விழுந்திருந்தது. கடைந்தால் போய்விடும், ஆனால் கடையக் கடைய டிரம் மெலியும். மெலிந்த டிரம் சீக்கிரம் சூடாகி விரிந்து ஷூவை விட்டு விலகும். பழைய டிரம்களுக்குப் பொதுவாக மூல விட்டத்தைவிட 1.5 மி.மீ. வரைதான் கடையலாம் என்பார்கள். சில டிரம்களில் எல்லை அளவு பொறித்தே இருக்கும். கடைந்த டிரம்முக்குள் புது ஷூ முழுதாக உட்காருகிறதா என்று பார்க்க, பாய் லைனிங் மேலே சாக்பீஸைத் தேய்த்து, டிரம்முக்குள் வைத்து லேசாகத் திருப்பிப் பார்த்தார். நடுவில் மட்டும் அழிந்தால் நுனிகள் தொடவில்லை என்று அர்த்தம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, பெரும்பகுதி அழியும்வரை சரிசெய்தார். ஒரு மதியம் முழுக்க இதற்கே போனது. கூலியைக் கணக்குப் பார்த்து இந்த வேலையைத் தவிர்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மலையில் ஓட்டுகிறவர்கள் தவிர்க்கவே கூடாது.

பிரேக் ஆயில் பற்றி. எங்கள் டப்பாவில் இருந்தது தேன் நிறம் போய்க் கறுத்திருந்தது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறியதும் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடு வீல் சிலிண்டருக்கு ஏறி, பழைய ஆயில் கொதித்தால் லைனுக்குள் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் தரையில் போய் முட்டும். அரை மணி நேரம் நின்று ஆறினால் எல்லாம் சரியான மாதிரி தெரியும், அதை நம்பிக் கிளம்பினால் அடுத்த வளைவில் மறுபடி அதேதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றிவிடுங்கள். திறந்து வைத்த பாட்டிலில் மிச்சம் இருப்பதை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

குறைந்துவிட்டது என்று அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். ரப்பர் எல்லாம் ஊறிப் பெருத்துவிடும், மாஸ்டரில் இருந்து ஹோஸ்வரை மொத்தமும் மாற்ற வேண்டிவரும். சிலிண்டர் ரப்பரைப் பெட்ரோலிலும் டீசலிலும் கழுவுவதும் அதே கெடுதல்தான். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும்.

ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் இருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கினோம். நம் வண்டிகளில் அது இடது பின் சக்கரம். அப்புறம் வலது பின், இடது முன், வலது முன். சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் நிப்பிளில் குழாய் மாட்டி, மறுமுனை பாட்டிலில் ஆயிலுக்குள் முங்கியிருக்க வேண்டும். நான் பெடலில் இருந்தேன், பாய் கீழே. "மிதி... பிடி..." நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம், முன்னால் எடுத்தால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். டப்பாவில் ஆயில் குறையாமல் அவர் பேரன் பார்த்துக்கொண்டான். வலது பின் நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருந்தது. பலம் கொடுத்தால் முறிந்துவிடும் என்று முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, காலையில் லேசாகத் தட்டித் தட்டித் திறந்தார்.

கடைசியாகப் பெடலின் சும்மா ஆட்டம். பெடலைக் கையால் தள்ளினால் அரை அங்குலமாவது சும்மா ஆட வேண்டும், அதற்குப் பிறகுதான் தள்ளுகோல் மாஸ்டரைத் தொட வேண்டும். புது மாஸ்டர் மாட்டியவர்கள் அந்த இடைவெளியே விடவில்லை. இடைவெளி இல்லாவிட்டால் காலை எடுத்த பிறகும் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும். ஷூ டிரம்மை லேசாக உரசிக்கொண்டே ஓடும், சூடாகும், ஆயில் விரியும், இன்னும் இறுக்கமாக உரசும். இறக்கத்துக்கு வருவதற்கு முன்னாலேயே பிரேக் வெந்துபோயிருக்கும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அது உரசுகிறது. அப்படி ஒரு சக்கரம் மட்டும் உரசினால் அதன் ரப்பர் ஹோஸ் உள்ளே சதை பிரிந்து ஆயிலைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கலாம். வெளியே பார்க்க ஹோஸ் நன்றாகத்தான் இருக்கும்.

ஓட்டும் முறையில் நானும் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில், பாரம் இருந்தால் அதற்கும் ஒன்று குறைத்து இறங்குகிறேன். பிரேக்கை லேசாக மிதித்தபடியே வருவதில்லை. வளைவுக்கு முன் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுத்து ஆறவிடுகிறேன். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, இன்ஜினையும் நிறுத்திவிட்டு இறங்குகிறவர்கள் இன்னும் எங்கள் மலையில் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் வேக்குவம் பம்ப்பும் நிற்கும், பூஸ்டரில் மிச்சம் இருக்கும் உறிஞ்சல் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். நாலாவது மிதி கல். தயவுசெய்து வேண்டாம். ஒரு லிட்டர் டீசலுக்காக வீட்டில் காத்திருப்பவர்களைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஓடை தாண்டியதும் டிரம்முக்குள் தண்ணீர் நிற்கும், ஈரம் போகும்வரை பிரேக் பாதிகூடப் பிடிக்காது. தாண்டியவுடன் சமமான இடத்தில், லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிக் காயவைக்கிறேன். பிடிமானம் திரும்பியது காலுக்குத் தெரிந்த பிறகுதான் இறக்கத்தில் விடுகிறேன். பெரிய டயர் மாட்ட ஆசைப்பட்டதையும் விட்டுவிட்டேன். 28 அங்குல விட்டம் உள்ள டயரை 31 ஆக்கினால், அதே பிரேக் தரையில் தரும் பிடிப்பு பத்தில் ஒரு பங்கு அளவு குறையும். நான்கு டிரம்மோடு ஓடும் வண்டிக்கு அந்த இழப்பு பெரிது.

பிரீதரை இப்போது பழைய இடத்தில் வைத்திருக்கவில்லை. பாய் அந்த மூடியை எடுத்துவிட்டு ஒரு நிப்பிள் போட்டு, அதில் இருந்து ரப்பர் ஹோஸை இழுத்து, சேசிஸ் மேலாக பாடிக்குள் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் உயரமாகக் கட்டிவிட்டார். முன் ஆக்சிலுக்கும் அப்படியே செய்து பானெட்டுக்குள் ஏற்றினார். போன ஐப்பசியில் ஓடையில் ஆக்சில் முங்க நான்கு தடவை தாண்டினேன். மழை விட்டதும் பின் டிரம்மைத் திறந்து பார்த்தேன். உள்ளே உலர்ந்த தூசி மட்டும் இருந்தது. ஈரத் துணியால் துடைத்து மூடினேன்.

இடது முன் டிரம் மட்டும் கடையும் எல்லையை நெருங்கிவிட்டது. அதே அளவில் நல்ல டிரம் ஒன்று பழைய இரும்புக் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடைக்கும்வரை மூட்டைகளை ஐந்தாகக் குறைத்து, இரண்டு நடையாக இறக்குகிறோம்.